வீடு திரும்பியவன்

எந்தையே! அந்தி சாயும் வேளை கேரட்டும் பீன்சும் முட்டைக்கோசும் ஏற்றிக் கொடைக்கானல் நாயுடுபுரம் விட்டிறங்குவாய். கொண்டையூசி வளைவெல்லாம் கடந்து, வத்தலக்குண்டு வழி மதுரை சேர்வாய்; மூட்டை இறங்கியதும் மலையேறுவாய். விடிந்து போகலாம் என்பார் சொல் உன் செவி ஏறியதில்லை. பின்னிரவில் தெருமுனையில் லாரி உறுமும். அம்மா எழுந்து அடுப்பு மூட்டுவாள். உறைபனிக் காலத்துக் குளிர்ந்த கையோடு எம்மை நீ தொட்டதில்லை. அடுப்பருகே அமர்ந்து, உள்ளங்கை இரண்டையும் அனலில் காட்டித் தேய்த்து, சூடேறிய பின்பே உறங்கும் பிள்ளை கன்னம் தடவுவாய். டீசலும் மலைப்பூண்டும் கலந்து மணக்கும் அந்தக் கை! உறங்குவதாய் நடித்துக் காத்துக் கிடந்தோம் அதற்கு.

2018 நவம்பர் 16. வேதாரண்யம் அருகே கரையேறிய கஜா புயல் உள்நாடு கடந்து இம்மலையையும் உலுக்கிய நாள். மரங்கள் வீழ்ந்து சாலை அடைபட்டது. பெருமாள்மலையில் வண்டியை விட்டுவிட்டு நடந்தாய். சாய்ந்த மரங்கள் மேல் ஏறியும் கீழ் நுழைந்தும், இருட்டிய பின் வாசலில் வந்து நின்றாய். முழங்காலில் தோல் உரிந்திருந்தது. சட்டைக்குள் பொதிந்திருந்த பிரட் பாக்கெட்டும் அம்மாவின் சர்க்கரை மாத்திரையும் நனையவில்லை.

"ஏம்ப்பா இந்த மழையில?"

"நீங்க பயந்துக்கிட்டு இருப்பீங்கள்ல."

அவ்வளவே உன் உரை.

இம்மலை நாட்டை முன்னாள் ஆண்டவன் ஆவியர் பெருமகன் பேகன். மயிலுக்குப் போர்வை ஈந்து வள்ளல் எழுவருள் ஒருவனாய் எண்ணப்பட்டவன். அவனோ மனைவி கண்ணகியைக் கண்ணீரில் விட்டு அகன்றான். கபிலரும் பரணரும் அரிசில் கிழாரும் பெருங்குன்றூர் கிழாரும் என நால்வர் பாடி, அவளிடம் திரும்புமாறு இரக்க வேண்டியதாயிற்று. உன்னை இல்லம் அழைக்க ஒரு பாட்டும் வேண்டியிருந்ததில்லை. அவன் கொடையை நான் குறைத்துப் பேசேன். ஆயினும் எந்தையே, அவனினும் நீ பெரியை.

புயலுக்கு முந்திய மாதங்களில் குறிஞ்சி பூத்திருந்தது. லீலாவதி அம்மையார் 1936-இல் எடுப்பித்த குறிஞ்சி ஆண்டவர் கோயிலுக்குப் பேத்தியைத் தோளேற்றிச் சென்றாய். வடக்கே பழனியும் தெற்கே வைகை அணையும் காட்டினாய். "அடுத்து 2030-ல பூக்கும். அப்ப நீ தாத்தா கையப் பிடிச்சுக் கூட்டிட்டு வரணும்" என்றாய். அவள் தலையசைத்தாள். குறிஞ்சி தவணை தவறாது. கூற்றமே, பன்னீராண்டு பொறுக்க உனக்கென்ன வந்தது? சென்ற மாசியில் கொண்டு போனாயே! அம்மா இன்னும் பின்னிரவில் எழுகிறாள். அடுப்பு மூட்டுகிறாள். தடுக்க எமக்கு நா எழவில்லை.

கொடைக்கானல் கண்டு இறங்குவோரே! ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்பது மலைச்சாலை விதி. காய்கறி இறக்கிவிட்டு இரவில் ஏறிவரும் வெற்று லாரி எதிர்ப்பட்டால், விளக்கைத் தாழ்த்தி ஒதுங்கி நில்லுங்கள். அதை ஓட்டுபவர் வீட்டுக்குப் போகிறார்.