திராவிடர்க்குக் குதிரை இல்லை!

“கடலிலே புலி, கரையேறினால் எலி!” திராவிடரைப்பற்றி இப்படி ஒரு புதுமொழி எங்கள் ஊர் இளைஞரிடையே உலவியது. எதிர்க்கட்சி மேடையிலே பிறந்ததன்று. கணினித் திரையின் முன்னே பிறந்தது. ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்’ என்னும் போர் விளையாட்டின் இரண்டாம் பகுதியை அறிந்தோர் இதன் பொருளை உடனே உணர்வர். அறியாதோர்க்கும் சொல்கிறேன். சொல்லவேண்டிய செய்தி விளையாட்டைவிடப் பெரிது.

1999-ல் வெளிவந்த விளையாட்டு அது. குடியானவர் சிலரோடு தொடங்குவோம். காடு வெட்டி, வயல் அமைத்து, பொன் அகழ்ந்து, படை திரட்டி, நான்கு காலகட்டங்களைக் கடந்து, பகைவன் கோட்டையை வீழ்த்தவேண்டும். குதிரையை ஈட்டி வெல்லும். ஈட்டியை வில் வெல்லும். வில்லை எறிவேல் வெல்லும். எந்த மரபினரைத் தேர்ந்தெடுக்கிறோமோ, அவர்க்குரிய படைகளும் சலுகைகளுமே நமக்குக் கிட்டும். பள்ளியில் வரலாறு கற்பிக்கும் நான் மாலையில் இதை ஆடுவதுண்டு. “ஆசிரியர்க்கு இது அழகா?” என்று கேட்கும் பெரியவர்கள், ஆடுபுலி ஆட்டம் ஆடாத திண்ணை ஒன்றைக் காட்டட்டும்!

அந்த விளையாட்டிலே முதலில் நமக்கு இடமே இல்லை. ஆண்டுகள் பல சென்றபின், 2012-ல், ஆர்வலர் சிலர் எவரும் பணிக்காமலே கூடி, ‘ஃபர்காட்டன் எம்பயர்ஸ்’, அதாவது மறக்கப்பட்ட பேரரசுகள், என்றொரு மாற்றாக்கத்தை உருவாக்கினர். ‘மாட்’ என்பர் இத்தகைய ஆக்கத்தை. இத்தாலியர், இன்காக்கள், மகியார், சிலாவியர், இந்தியர் என ஐந்து மரபினர் அதிலே புகுந்தனர். ஆர்வலர் ஆக்கமே 2013-ல் முறையான பதிப்பாகவும் வெளிவந்தது. மறக்கப்பட்டோரை நினைவூட்டவந்த முயற்சி! பாராட்டுக்குரியதே. ஆனால் அதிலும் மறக்கப்பட்டோர் இருந்தனர்.

‘இந்தியர்’ என்ற ஒரே பெயர்ப்பலகை. அதன்கீழ் அனைவரும் அடக்கம். அவர்க்கு ஒட்டகப்படை. அவர்தம் கதைத்தலைவன் பிருதிவிராசன். வீரர் வாய்திறந்தால் இந்தி. கங்கையும் கடாரமும் கொண்ட சோழனின் படையை எவனாவது நடத்த விரும்பினால், அந்தப் படையும் இந்தியிலேதான் விடைசொல்லும்! 1965-ல் மாணவர் தெருவில் நின்று எதை மறுத்தனரோ, அது 2013-ல் விளையாட்டாக வீட்டுக்குள் வந்தது. ஆக்கியோர் தீயநோக்குடையோர் அல்லர். ஒரு பெயர் போதுமென்று எண்ணினர், அவ்வளவே. ஒரு பெயர் போதுமென்று எண்ணுவோர் எப்போதும் தீயநோக்குடையோராக இருப்பதில்லை.

2022 ஏப்ரலில் அந்தப் பலகை கழன்றது. இந்துத்தானியர், வங்காளியர், கூர்ச்சரர், திராவிடர் என நால்வராயினர். திராவிடர் தமிழ் பேசினர். இராசேந்திரன் கதைத்தலைவனானான். சுருள்வாள் வீசும் உறுமி வீரர் வந்தனர். திரிசடை என்னும் போர்க்கலம் வந்தது. கவசத்தைப் பொருட்படுத்தாது வெட்டும் உருக்கு வந்தது. (உறுமி சேரநாட்டுக் களரியின் செல்வம். தமிழர், மலையாளியர், கன்னடர், தெலுங்கர் அனைவரையும் ஒரு குடைக்கீழ் நிறுத்தியதில் எனக்கு வருத்தமில்லை; நமக்குப் பழக்கமான குடைதானே!) மீனவர் கூடுதலாகச் சுமப்பர், புதிய காலகட்டம் அடையுந்தோறும் 200 கட்டை பரிசாக வரும். கடலில் ஆடினால் வெற்றி நம் வாயிற்படியில்.

நிலத்தில் ஆடினாலோ? திராவிடர்க்குக் கவசக் குதிரைவீரர் இல்லை. ஏனையோரில் பெரும்பாலோர்க்கு உண்டு. ஒருவனுக்கு விலை 60 உணவு, 75 பொன். மூன்றாம் காலகட்டத்தில் பகைவன் பத்துக் குதிரைகளோடு வயலுக்குள் பாய்வான், உழுபவர் மடிவர், நம் ஈட்டிவீரர் ஓடிச்சேருமுன் அவன் விறகு வெட்டுவோரிடம் போய்விடுவான். நமக்கு யானை உண்டு. அது விலைமிக்கது, மெல்ல நடப்பது. பிறந்ததுதான் அந்தப் புதுமொழி.

நகைப்போடு நின்றிருந்தால் எழுதியிருக்கமாட்டேன். எங்கள் பள்ளித் தோழர் ஒருவர், படித்தவர், பண்பானவர், தோற்று எழுந்தபோது சொன்னார்: “என்ன செய்வது? நம்மவர்க்கு நிலப்போர் இரத்தத்தில் இல்லை!” இரத்தம்! எத்தனை பழைய சொல் அது! இன்னாருக்குக் கல்வி வாராது, இன்னாருக்கு ஆட்சி வாராது என்று நம் தாத்தாக்களிடம் சொல்லப்பட்ட அதே சொல். ஒரு கோப்பிலே ஒருவர் எழுதிய எண், திரையிலே தோல்வியாகத் தெரிகிறது. தோற்றவரோ அதைக் குருதியின் குணம் என்கிறார். ஊழ் என்று சொல்லாததுதான் குறை.

குதிரை இல்லாமை வரலாறு தந்த தண்டனையா? அதுவும் அன்று. கடல்வழியே வந்த குதிரைகளைப் பட்டினப்பாலை பேசுகிறது. பாண்டிய மன்னர் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரைகளைக் கடல்கடந்து வாங்கினர் என்றும், பேணத் தெரியாமையால் அவற்றுட் பல மாண்டன என்றும் மார்க்கோ போலோ எழுதிவைத்தார். ஆக, தென்னகத்தில் குதிரை இருந்தது. ஆனால் அரிதாயிருந்தது, விலைமிக்கதாயிருந்தது. அரிது என்பதை ‘இல்லை’ என்றாக்கியது ஆக்கியோர் தேர்வு. மனிதர் செய்த தேர்வை மனிதர் மாற்றலாம்.

மாற்றவும் செய்தனர். எந்த மரபினர் எங்கே எத்தனை முறை வென்றனர் என்பது கணினியில் பதிவாகிறது. அதை எண்ணிப் பார்த்து அவ்வப்போது வெளிவருவதே சமநிலைத் திருத்தம். பின்னாளில் வந்த அத்தகைய திருத்தம் ஒன்று திராவிடர்க்குக் குதிரை வழங்கவில்லை. முற்றுகைப் பொறிகளுக்கான கட்டைச் செலவில் 33 விழுக்காடு குறைத்தது.

“இவ்வளவுதானா?” என்றார் அதே தோழர். கணக்குப் போட்டுக் காட்டினேன். கல்லெறிபொறிக்கு 160 கட்டை, இனி 107. மிச்சம் 53. ஒரு வயல் அமைக்க 60 கட்டை வேண்டும். அதாவது, ஒரு பொறி செய்தால் ஏறத்தாழ ஒரு வயல் மிச்சம். பெருவில் பொறிக்கு 75 கட்டை; இனி 50. மிச்சமாகும் 25-ல் ஐவர்க்கு இடமளிக்கும் வீடு ஒன்று எழும். முன்பு பொறி செய்ய முனைந்தால் வயல் குறையும், வயல் குறைந்தால் படை குறையும். ஆகவே வேலிகட்டி உள்ளே ஒடுங்கி, யானைக்காகக் காத்திருந்து, காத்திருக்கையிலேயே தோற்றோம். இப்போது முன்னே ஈட்டிவீரர் வரிசை, பின்னே இரண்டு கல்லெறிபொறிகள், பக்கத்தே எறிவேலர் என மூன்றாம் காலகட்டத் தொடக்கத்திலேயே நாம் பகைவன் எல்லைக்குச் செல்லலாம். படைக்கொட்டிலின் ஆய்வுகள் திராவிடர்க்குப் பாதி விலை. அந்தச் சலுகை முன்பும் இருந்தது, பயன் இப்போதுதான் விளைந்தது. தன் வாயிலில் கல் விழும்போது எவன் நம் வயலைத் தேடிக் குதிரையை அனுப்புவான்? ஒரு நாள் மாலை ஆடினோம், தோழர் வென்றார். இரத்தத்தைப்பற்றிப் பேசவில்லை.

எதிர்த்து ஆடியவர் பேசினார். “இது திறமையா? சலுகை கொடுத்து வெல்ல வைத்தால் தகுதி என்னாவது?” என்றார். அந்தக் குரலும் நமக்குப் புதிதன்று. 1921-ல் பிறந்து 1928-ல் நடைமுறைக்கு வந்த வகுப்புவாரி ஆணையின்மீது எழுந்த குரலே அது. 1951-ல் உச்சநீதிமன்றம் அந்த ஆணை செல்லாது என்றது. அதே ஆண்டு அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் கல்வியில் தனி ஏற்பாட்டுக்கு வழி திறந்தது. விளையாட்டும் வாழ்வும் ஒன்றல்ல என்பதை அறிவேன்; இங்கே தோற்றவன் மறுநாள் மீண்டும் ஆடலாம், பள்ளியில் இடம் மறுக்கப்பட்ட சிறுவனுக்கு அந்த மறுநாள் இல்லை. ஆனால் கேட்டவரிடம் நான் கேட்டது ஒன்றே: “குதிரை உமக்குத் திறமையால் வந்ததா, பட்டியலால் வந்ததா?” அவர் தேநீர் குடிக்கப் போய்விட்டார்.

நம்மவரிடமும் கொஞ்சம் சச்சரவு உண்டு. “சோழன் படை எவருக்கும் தோற்கலாகாது, இன்னும் வலிமை சேர்க்கவேண்டும்” என்று முழங்குகின்றனர் சிலர். எனக்கு உடன்பாடில்லை. நாம் மட்டும் வெல்லக் கேட்பது சமநிலை அன்று, பழைய பட்டயத்தை நம் பெயரில் எழுதக் கேட்பது. கடலில் நமக்குள்ள மிகையை அடுத்த திருத்தம் குறைக்குமானால் குறைக்கட்டும்.

எங்கள் பதினோராம் வகுப்பு மாணவன் ஒருவன் இப்போது தானே எண்களை மாற்றி ஒரு மாட் ஆக்கிக்கொண்டிருக்கிறான். அதில் திராவிடர்க்குக் கவசக் குதிரை உண்டு. ஆனால் துறைமுகத்திலேதான் வாங்கமுடியும், ஒன்றுக்கு 120 பொன். “விலை மிகுதியப்பா” என்றேன். “கப்பலில் வருகிறதே ஐயா, மார்க்கோ போலோவைப் படித்துத்தான் வைத்தேன்” என்றான். நூறாக்கலாம் என்பது என் கட்சி. வரும் ஞாயிறு இருவரும் ஆடிப் பார்க்கவிருக்கிறோம்.