பேசாத படத்தின் அருகில்



சென்ற வாரம் என் மகன் ஒரு பழைய ஜப்பானிய ஊமைப்படத்தை எனக்குப் போட்டுக் காட்டினான். 1926ஆம் ஆண்டு கினுகாசா தெய்னொசுகே இயக்கியது. ‘பித்தின் ஒரு பக்கம்’ என்று அதன் பெயருக்குப் பொருள். தொலைந்துபோனதாகக் கருதப்பட்ட அப்படம், ஏறத்தாழ 45 ஆண்டுகளுக்குப் பின் இயக்குநரின் சொந்தக் கிடங்கிலேயே கிடைத்தது.

மனநல விடுதி ஒன்றில் முதியவர் ஒருவர் எடுபிடி வேலை செய்கிறார். அங்கே அடைக்கப்பட்டிருப்பவர்களில் ஒருத்தி அவருடைய மனைவி. மாலுமியாயிருந்த நாட்களில் அவளுக்குத் தாம் இழைத்த துன்பமே அவளை இந்நிலைக்குக் கொண்டுவந்தது என்று அவர் அறிவார். அவள் அருகில் இருக்கவே அந்த வேலையை ஏற்றிருக்கிறார். அவளோ அவரை அறிந்துகொள்வதில்லை. ஓர் இரவு அவளை வெளியே அழைத்துச் செல்ல முயல்கிறார். வெளியே உள்ள இருளுக்கு அஞ்சி, அவள் தன் அறைக்கே திரும்பிவிடுகிறாள்.

படத்தில் எழுத்து அட்டை ஒன்றுகூட இல்லை. அக்கால ஜப்பானியத் திரையரங்குகளில் ‘பென்ஷி’ எனப்பட்டவர் திரையருகே நின்று கதையை விளக்கி, பாத்திரங்களுக்காகப் பேசவும் செய்வார். அவருடைய குரலுக்காகவே மக்கள் சீட்டு வாங்கியதும் உண்டு.

இன்று இப்படத்துக்கு இசைக்கலைஞர்கள் நேரடியாக வாசிக்கிறார்கள். அமெரிக்காவின் ‘அலாய் ஆர்க்கெஸ்ட்ரா’ என்னும் மூவர் குழுவும் வாசித்திருக்கிறது. பழைய இரும்புத் துண்டுகளையும் தகடுகளையும் தொங்கவிட்டுத் தட்டுவது அவர்களுடைய வழக்கமாக இருந்தது. வேறு சிலர் தாளத்தட்டின் விளிம்பில் வில்லை இழுப்பார்கள். பியானோவின் உட்கம்பிகளைச் சுரண்டுவார்கள். ஞானப்பாட்டில் வளர்ந்த என் செவிக்கு, முதல் பத்து நிமிடம் பாத்திரக்கடையில் நிற்பது போலிருந்தது. பிறகுதான் ஒன்றைக் கவனித்தேன். ‘இப்போது அழு’ என்று அந்த இசை எனக்குச் சொல்லவில்லை. அந்தக் கணவனைப்போல அதுவும் அவளருகில் இருந்தது, அவ்வளவுதான். வாசிப்பவர் திரையிலிருந்து கண்ணை எடுக்க இயலாது. முகம் திரும்பினால் ஓசையும் திரும்பவேண்டும். சில இடங்களில் கையை எடுத்துவிடவும் வேண்டும்.

சவுலுக்கு முன்பாகச் சுரமண்டலம் வாசித்த தாவீதை நினைத்தேன். ராஜாவின் கலக்கத்துக்குக் காரணம் என்னவென்று அவன் விளக்கியதாக வேதம் கூறவில்லை, வாசித்தான். ஒருமுறை சவுல் ஆறுதலடைந்தான், இன்னொருமுறை ஈட்டியை எறிந்தான். யோபின் சிநேகிதரும் ஏழு நாள் தரையில் மௌனமாய் உட்கார்ந்திருந்தவரையில் நல்ல சிநேகிதர்களாகவே இருந்தார்கள்.

நான் பென்ஷியாக இருந்திருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் சாலை விபத்தில் மகனைப் பறிகொடுத்த ஒரு தாயின் வீட்டில், அடக்கத்துக்கு மறுநாளே, தேவசித்தத்தைக் குறித்து அரைமணி நேரம் விளக்கினேன். இறையியல் கல்லூரியில் கற்றது எதுவும் வீணாகவில்லை. அந்த அம்மா ஒன்றும் சொல்லாமல் எழுந்து சமையலறைக்குள் போனார்கள். நான் ஜெபித்து முடிக்கும்வரை வெளியே வரவில்லை.

படம் முடிந்த மறுநாள் அவர்கள் வீட்டுக்குப் போனேன். வேதாகமம் பையிலேயே இருந்தது. வெகுநேரம் இருவரும் பேசவில்லை. பிறகு அவர்கள் மகனுடைய பள்ளிக்கூடப் புகைப்படத்தை எடுத்து வந்து, வரிசையில் அவன் எங்கே நிற்கிறான் என்று காட்டினார்கள்.