பருப்பு வேகாத தண்ணீர்

முழுப்பரீட்சை முடிந்த மறுநாளே அம்மா என்னையும் தம்பியையும் அப்புச்சி ஊருக்கு பஸ் ஏற்றிவிடுவாள். சென்னிமலைக்கு மேற்கே, கொடுமணலிலிருந்து நடந்து போகிற தூரத்தில், நொய்யலை ஒட்டிய ஊர். நான் சொல்வது 1980-களின் தொடக்கம். சித்திரையில் ஆற்றில் தண்ணீர் இருக்காது, மணல்தான் கிடக்கும். அதைப் பார்த்து யாரும் கவலைப்பட்டதில்லை. வெள்ளிங்கிரி மலையில் மழை பிடித்தால் வரும், விட்டால் மணலுக்குள் இறங்கிக்கொள்ளும். நொய்யலின் குணமே அதுதான்.

விடியற்காலையில் அம்மிச்சி குடத்தை இடுப்பில் வைத்ததும் நாங்கள் பின்னாலேயே ஓடுவோம். ஆற்றின் நடுவில் அவளுக்கென்று ஓர் இடம் உண்டு. முதல் நாள் தோண்டிய ஊற்று இரவில் மணல் சரிந்து மூடியிருக்கும். மண்டியிட்டு இரண்டு கையாலும் வாரிப் போடுவாள். முழங்கை ஆழம் போனதும் மணலின் நிறம் மாறும், விரல் சில்லிடும். அப்புறம் அடியிலிருந்து தண்ணீர் கசியும். முதலில் கலங்கல்தான். தேங்காய்த் தொட்டியால் மொண்டு மொண்டு வெளியே ஊற்றுவாள். நாலைந்து தரம் இறைத்தபின், குழியின் அடியில் மணல் துகள்கள் ஊறும் தண்ணீரோடு எழும்பிச் சுழன்று அடங்குவது கண்ணுக்குத் தெரியும். "இப்பக் குடி சாமி" என்று முதல் தொட்டித் தண்ணீரை நீட்டுவாள். யாருக்கு முதல் என்பதில் எனக்கும் தம்பிக்கும் தினமும் சண்டை. பல் கூசும் குளிர்ச்சி, பின்னாலேயே ஒரு மெல்லிய தித்திப்பு. அந்தத் தித்திப்பை அதற்குப் பிறகு நான் எங்கும் குடித்ததில்லை.

வீட்டுக்கு வந்ததும் அந்தத் தண்ணீரில்தான் பருப்புக்கு உலை. துவரம்பருப்பு இரண்டு கொதியில் மலர்ந்துவிடும். "ஆத்துத் தண்ணிக்கு வெறகே வேண்டாம்" என்பாள் அம்மிச்சி. மத்தைத் தொடவே மாட்டாள், கரண்டியால் ஒரு மசி மசித்தால் போதும்.

பகலெல்லாம் கொடுமணல் காட்டில் சுற்றுவோம். கோடை மழை ஒன்று பெய்து, உழுத நிலத்தில் புழுதி அடங்கினால் எங்களுக்குத் திருவிழா. மண்ணுக்குள்ளிருந்து சிவப்பும் வெள்ளையுமாகச் சின்னச் சின்னக் கல்மணிகள் தலைகாட்டும். பொறுக்கி டவுசர் பையில் போட்டுக்கொள்வோம். அந்த மணிகளின் வயது இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல் என்பதும், பதிற்றுப்பத்து சொல்லும் 'கொடுமணம்' இந்த ஊர்தான் என்று அறிஞர்கள் சொல்வதும் கல்லூரிக்குப் போன பின்தான் தெரிந்தது. அகழாய்வில் இரும்பு உருக்கிய உலைகள், கல்மணி செய்த பட்டறைகள், தமிழி எழுத்துப் பொறித்த பானை ஓடுகள், நூல் நூற்ற தக்களிகள் எல்லாம் கிடைத்தன. அத்தனை தொழில்கள் நடந்த கரை அது. நூற்றார்கள், உருக்கினார்கள், வெளிநாட்டுக்கு விற்றார்கள். அவ்வளவும் நடந்து முடிந்த பிறகும் என் அம்மிச்சிக்கு ஆறு குடிக்கிற தண்ணீராகவே வந்து சேர்ந்தது. இதை நினைக்கும்போதெல்லாம் நெஞ்சு அடைத்துக்கொள்கிறது.

நான் எட்டாவது படித்தபோது மாமன் திருப்பூருக்கு பனியன் கம்பெனி வேலைக்குப் போனார். மானம் பார்த்த சோளமும் எள்ளும் போட்டு அப்புச்சி கண்ட பணத்தைவிட, மாமன் சனிக்கிழமைதோறும் வாங்கிவந்த சம்பளம் பெரிது. வெளிநாட்டு ஆர்டர்கள் குவிந்துகொண்டிருந்த காலம். மாமன் வீட்டுக்கு மின்விசிறி வாங்கினார், சித்தியின் கல்யாணத்தை நடத்தினார். எனக்குப் பள்ளிக்கூடச் சட்டைத்துணி எடுத்துக் கொடுத்ததும் அவர்தான். அந்தப் பணத்தைக் குறை சொல்ல எனக்கு நாக்கு வராது.

அதற்கப்புறம் இரண்டு மூன்று வருடங்களில் ஒரு நாள் அடுப்படியில் அம்மிச்சி சலித்துக்கொண்டது நினைவிருக்கிறது. "என்ன கண்ணு இது, இத்தனை நேரம் கொதிச்சும் பருப்பு வேகவே இல்ல." பருப்பு விற்ற கடைக்காரரைத் திட்டினாள். அடுத்த வாரம் வேறு கடையில் வாங்கினாள். அதுவும் வேகவில்லை. தண்ணீரை யாருமே சந்தேகப்படவில்லை, பார்க்கத் தெளிவாகத்தான் இருந்தது.

நிறம் பின்னால் வந்தது. முதல் மழை வெள்ளத்தோடு கருஞ்சிவப்பாக ஒரு நாள், இன்னொரு நாள் ஊதா. ஊர் கூடிக் கரையில் நின்று பார்த்தோம். அந்த வருடக் கோடையில் அம்மிச்சி ஊற்றுத் தோண்டினாள். எத்தனை தொட்டி இறைத்தும் தண்ணீர் தேநீர் நிறத்திலேயே ஊறியது. குழியை அவளே காலால் மணல் தள்ளி மூடினாள். குடத்தைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் வீட்டுக்கு நடந்தாள்.

1992-இல் நொய்யலின் குறுக்கே ஒரத்துப்பாளையம் அணை கட்டி முடிந்தது. பாசனத்துக்கென்று கட்டிய அணை. நிலம் கொடுத்தவர்கள்கூட, கீழே உள்ளவர்களாவது பிழைக்கட்டும் என்று மனதைத் தேற்றிக்கொண்டார்கள். தேங்கியதோ திருப்பூர்ச் சாயப்பட்டறைகளிலிருந்து வந்த சாயத்தண்ணீர். ஓடுகிற வரையில் கடந்து போய்க்கொண்டிருந்த கேடு, தேங்கியதும் மண்ணுக்குள் இறங்கி, சுற்றிலுமிருந்த கிணறுகளில் ஏறியது. தென்னை குரும்பையிலேயே உதிர்ந்தது. தப்பிய இளநீரை வெட்டினால் கரித்தது. மாட்டைத் தொட்டிக்கு ஓட்டிப்போனால் மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

ஒரு பொழுதோட அப்புச்சி என்னைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனார். வரப்போரம் வெள்ளையாகப் பூத்திருந்ததை ஒற்றை விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. "உப்புக் கண்ணு" என்றார். அவ்வளவுதான்.

அந்த உப்பு எப்படி வந்தது என்பதைப் பிறகு சாயப்பட்டறையில் வேலை பார்த்த நண்பன் விளக்கினான். பருத்தித் துணி சாயத்தை எளிதில் ஏற்காது. தண்ணீரில் உப்பைக் கொட்டினால்தான் சாயம் துணியில் போய் ஒட்டும். கருப்பு, கருநீலம் போன்ற அடர்நிறத்துக்கு ஒரு லிட்டர் தண்ணீருக்கு 60 முதல் 80 கிராம் வரை போடுவார்களாம். துணி சாயத்தை எடுத்துக்கொள்ளும், உப்பை எடுத்துக்கொள்ளாது. போட்ட உப்பு முழுவதும் அலசிய தண்ணீரோடு வெளியே வந்துவிடும். பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் முதலில் வந்தபோது நிறத்தை எடுத்தார்கள், கரைந்த உப்பு அப்படியே ஆற்றுக்குப் போனது. நிறம் போனதும் ஆறு பிழைத்துவிட்டது என்று பார்த்தவர்கள் நம்பினார்கள். கண்ணில் பட்டது சாயம், நிலத்தைக் கொன்றது உப்பு. எங்கள் வீட்டில் அதை முதலில் கண்டது ஒரு பிடி துவரம்பருப்பு.

விவசாயிகள் வழக்குமேல் வழக்காக நடத்தினார்கள். உயர் நீதிமன்றம் ஒரு சொட்டுக் கழிவும் வெளியே போகக் கூடாது என்றது. அது நடக்காதபோது, 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மொத்தமாக மூட உத்தரவிட்டது. நூற்றுக்கணக்கான பட்டறைகள் மூடிக்கிடந்தன. மாமன் மகனுக்கும் வேலை போயிற்று. ஒரே வீட்டில் ஒருவர் அந்தத் தீர்ப்பைக் கும்பிட்டார், இன்னொருவர் அழுதார். இரண்டையும் நான் பார்த்தேன். பிறகு உப்பையும் தண்ணீரையும் பிரித்து மறுபடி பயன்படுத்தும் முறை வந்து பட்டறைகள் திறந்தன. அந்த வேலைக்குச் செலவு அதிகம். ஒரு சட்டையின் உண்மையான விலையில் அந்தச் செலவும் உண்டு. ஆனால் சீமையில் இருந்து ஆர்டர் கொடுப்பவர் போன வருட விலையைவிடக் குறைத்துத்தான் கேட்கிறார். இங்கே ஆடித் தள்ளுபடியில் மூன்று வாங்கினால் இரண்டு இலவசம் என்று எழுதிப் போட்டிருக்கிறார்கள். நாமும் ஐந்தாக அள்ளிக்கொண்டு வருகிறோம். என் அலமாரியிலும் இருபதுக்கு மேல் இருக்கின்றன, அவற்றில் பாதி கருப்பு. பட்டறைக்காரரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டு நான் விலகி நிற்க முடியாது.

அப்புச்சியும் அம்மிச்சியும் இப்போது இல்லை. போன தைப்பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். வீட்டுக்குக் குழாயில் காவிரித் தண்ணீர் வருகிறது, அத்தை அதில்தான் சமைக்கிறார். பருப்பு நன்றாக வெந்திருந்தது. சாப்பிட்டுவிட்டுத் தோட்டத்துக்குப் போனேன். பாதி நிலத்தில் வேலிகாத்தான் மண்டிக் கிடக்கிறது. அணைக்கட்டுப் பக்கமிருந்து வந்த ஆட்டுக்காரர் ஒருவரிடம் ஆற்றில் ஆடு தண்ணீர் குடிக்குமா என்று கேட்டேன். "மழைத் தண்ணி புதுசா வந்தா குடிக்குமுங்க, மத்த நாள்ல வாய் வெக்காது" என்றார்.

வாசகர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இருக்கிற சட்டையைச் சாயம் வெளுத்தாலும் கிழிகிற வரைக்கும் உடுத்துங்கள். புதிதாக வாங்கும்போது, விலை ஏன் இவ்வளவு மலிவு என்று கடைக்காரரிடம் ஒரு தரமாவது கேளுங்கள்.

அப்புச்சியின் கிணறு தூர்ந்துபோகவில்லை. தண்ணீர் கைக்கு எட்டும் ஆழத்தில் தெளிவாக நிற்கிறது. மோட்டாரைக் கழற்றி இருபது வருடத்துக்கு மேலாகிறது.