யாரை எடுப்பது, யாரை விடுவது?

எங்கள் வீட்டில் கிறிக்கெட் பார்ப்பது ஆண்களின் வேலை, அவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றுவது பெண்களின் வேலை என்றுதான் இருந்தது. ஆனால் ஊற்றிக்கொண்டே கேட்டுக் கேட்டு எனக்கும் விளையாட்டு விளங்கிவிட்டது. ஓட்டங்களை விடவும் விக்கெட்டுகளை விடவும் என் மனதைப் பிடித்தது வேறொன்று. பதினைந்து பேர் இருக்கும் குழுவில் பதினொரு பேரை எடுத்து நாலு பேரை உட்கார வைக்கிறார்களே, அந்த வேலை. அது எவ்வளவு பாரமான வேலை என்பதை என் குடும்பமே எனக்குப் படிப்பித்தது.

2011 ஏப்ரல் 2 ஆம் திகதி, சனிக்கிழமை. மும்பையில் உலகக் கிண்ண இறுதிப் போட்டி. இலங்கையும் இந்தியாவும். காத்தான்குடியில் எங்கள் தெருவில் எந்த வீட்டு வாசலைக் கடந்தாலும் ஒரே சத்தம்தான். எங்கள் வீட்டில் வாப்பா, என் கணவர், பக்கத்து வளவிலிருந்து வந்த தம்பி மூவரும் தொலைக்காட்சிக்கு முன்னால். நாணயத்தை இரண்டு முறை சுண்டினார்கள். முதல் முறை சங்கக்கார சொன்னது மற்றவர்களுக்குச் சரியாகக் கேட்கவில்லையாம். இரண்டாம் முறை வென்று, துடுப்பெடுத்தாடுவோம் என்றார். பிறகுதான் அணியின் பெயர்கள் வந்தன. தம்பி எழுந்து நின்றுவிட்டான்.

“என்ன மச்சான் இது? அரையிறுதியில வென்ற அணியில நாலு பேரை மாத்துறதா?”

உண்மைதான். நாலு நாட்களுக்கு முன்னர் கொழும்பில் நியூசிலாந்தை வென்ற அணியிலிருந்து அஞ்சலோ மெத்திவ்ஸ், சாமர சில்வா, ரங்கன ஹேரத், அஜந்த மென்டிஸ் ஆகிய நால்வரும் இல்லை. கபுகெதர, குலசேகர, திஸர பெரேரா, சுராஜ் ரந்தீவ் உள்ளே வந்திருந்தார்கள். மெத்திவ்ஸுக்குக் காயம். அவருக்குப் பதிலாக அழைக்கப்பட்ட ரந்தீவ் இறுதிப் போட்டிக்கென்றே வந்து சேர்ந்தவர். ஆனால் மென்டிஸ்? அரையிறுதியில் மூன்று விக்கெட் எடுத்தவர் அல்லவா? 2008 இல் கராச்சியில் நடந்த ஆசியக் கிண்ண இறுதிப் போட்டியில் இதே இந்தியாவின் ஆறு விக்கெட்டுகளை 13 ஓட்டங்களுக்குச் சாய்த்தவர் அல்லவா?

என் கணவர் அமைதியாகச் சொன்னார்: “மெத்திவ்ஸ் ஒரு ஆளில்ல, ரெண்டு ஆள். துடுப்பும் பந்தும் ரெண்டும் அவரிட்ட இருந்திச்சு. அவர் போனா மற்ற எல்லாத்தையும் அசைக்கத்தான் வேணும். மென்டிஸ்ட பந்தை இந்தியாக்காரர் இப்ப படிச்சிட்டாங்க.” தம்பி கேட்கவில்லை. பயிற்றுநர் ட்ரெவர் பேலிஸை ஏசினான், தெரிவுக்குழுத் தலைவர் அரவிந்த டி சில்வாவை ஏசினான், கடைசியில் தேத்தண்ணியில் சீனி குறைவென்று என்னையும் ஏசினான்.

மஹேல ஜயவர்தன ஆட்டமிழக்காமல் 103 ஓட்டங்கள் எடுத்தார். இலங்கை 274. புதிதாக வந்தவர்களில் திஸர பெரேரா ஒன்பது பந்துகளில் 22 எடுத்தபோது என் கணவர் தம்பியைத் திரும்பிப் பார்த்தார். கபுகெதர ஒரே ஓட்டத்துடன் போனபோது தம்பி அவரைத் திரும்பிப் பார்த்தான். மகுரிபுக்குப் பிறகு மாலிங்க இரண்டாவது பந்திலேயே சேவாக்கை வெளியேற்ற, தெருவே துள்ளியது. அதன் பிறகு கம்பீர் 97, தோனி ஆட்டமிழக்காமல் 91. ஆறு விக்கெட்டுகளால் தோற்றோம். ரந்தீவுக்கு ஒரு விக்கெட்டும் கிடைக்கவில்லை. முரளிதரனின் கடைசிச் சர்வதேசப் போட்டியும் அப்படியே முடிந்தது.

அன்று இரவு வாப்பா ஒரு வார்த்தை சொன்னார். “1996 இல ஜயசூரியவையும் களுவிதாரணவையும் ஆரம்பத்தில அடிச்சாட விட்டதைப் பெரிய புத்தி எண்டு உலகமே சொன்னது. அரையிறுதியில ரெண்டு பேரும் முதல் ஓவர்லயே போயிட்டாங்க. இறுதிப் போட்டியில ரெண்டு பேரும் சேர்ந்து பதினைஞ்சு ஓட்டம். ரெண்டு நாளும் காப்பாத்தினது அரவிந்த. அரவிந்த அன்றைக்கு விழுந்திருந்தா அந்தப் புத்தி முட்டாள்தனமாகியிருக்கும்.” வென்றால் தெரிவு சரி, தோற்றால் தெரிவு பிழை. நாம் பெறுபேற்றைப் பார்த்துத்தான் காரணத்தை எழுதுகிறோம் என்று வாப்பா சொல்லாமல் சொன்னார். நான் பாத்திரங்களைக் கழுவிக்கொண்டே கேட்டேன். அது என் வீட்டுக்கே வரும் என்று அப்போது நினைக்கவில்லை.

மூன்று வருடம் கழித்து வந்தது. என் கணவர் ஊர்க் கழகமொன்றின் தெரிவுக்குழுவில் இருந்தார். தம்பி அதே கழகத்தின் பந்துவீச்சாளன். மென்பந்துச் சுற்றுப்போட்டியில் எங்கள் கழகம் இறுதிக்கு வந்தது. போட்டிக்கு முதல் நாள் கழகப் பலகையில் பெயர்ப் பட்டியலை ஒட்டினார்கள். அதில் தம்பியின் பெயர் இல்லை. மற்றவர்களோடு நின்று அந்தக் காகிதத்தில்தான் அவனும் அதைப் படித்தான். மறுநாள் கழகம் தோற்றது.

சகோதரிகளே, தோல்விக்குப் பின் ஊர் எப்படிப் பேசும் என்று உங்களுக்குத் தெரியும். அந்த வருடம் எங்கள் இரண்டு வளவுக்கும் நடுவே வேலி போடுவதில் ஒரு சிறு பேச்சு இருந்தது. “வேலிக் கோபத்தை மைதானத்தில தீர்த்திட்டார்” என்று ஒருவர் சொன்னார். எதிரணியிடம் ஏதோ வாங்கிவிட்டார் என்றும் ஒரு கதை வாவிக்கரை வரை போனது. தம்பி எங்கள் வாசலை மிதிக்கவில்லை. அந்த ஹஜ்ஜுப் பெருநாளுக்கு உம்மா வட்டிலப்பத்தை இரண்டு கோப்பையில் எடுத்து, வேலிக்கு இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாகக் கொடுத்தனுப்பினார்.

இப்போது நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். வேலிக் கதையின் ஆரம்பம் நான்தான். பட்டியல் ஒட்டிய அன்று மாலை ராத்தாவிடம், “இவர்ர மனசில வேலிச் சங்கதி இருந்திச்சோ தெரியா” என்று சொல்லியிருந்தேன். தம்பிக்காகப் பட்ட கவலையில் வந்த ஒரு வார்த்தை. அது நாலு வீடு சுற்றி வந்தபோது “தெரியா” என்பது உதிர்ந்து போயிருந்தது. பத்து வருடம் ஒரே பாயில் சாப்பிட்ட மனிதரின் நேர்மையை, கையில் எந்த ஆதாரமும் இல்லாமல், நானே சந்தையில் வைத்துவிட்டேன்.

அவரிடம் சொல்ல இரண்டு கிழமை எடுத்தது. சொன்னபோது அவர் கோபிக்கவில்லை. முகம் மட்டும் வாடிப்போனது. அன்று இரவு உம்மா வந்திருந்தார். மருமகனோடு அதிகம் பேசாத உம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டார். “மகன், பட்டியலை ஒட்ட முதல் நீங்க அவனுக்கு வாயால சொன்னீங்களா?”

அவர் பதில் சொல்லவில்லை. இஷாவுக்குப் பிறகு சட்டையைப் போட்டுக்கொண்டு தம்பியின் வீட்டுக்குப் போனார். என்ன பேசினார்கள் என்பதைப் பிறகு இருவருமே சொன்னார்கள். கடைசி மூன்று போட்டியிலும் இரவு வேலை முடித்து நித்திரையில்லாமல் வந்த தம்பியின் பந்து ஓய்ந்திருந்ததை அவர் கவனித்திருக்கிறார். மணல் தரையில் வேகத்தை விடச் சுழல் உதவும் என்றும் நினைத்திருக்கிறார். “நான் நினைச்சது பிழையா இருக்கலாம், ஆனா வேற நினைப்பு இல்ல” என்றாராம். தம்பி சொன்ன மறுமொழியை நான் இன்றும் மறக்கவில்லை: “நீங்க பிழை விட்டது எனக்கு நோகல்ல மச்சான். எல்லாரோடயும் நிண்டு காகிதத்தில பார்த்ததுதான் நொந்திச்சு.”

2020 ஜூனில், 2011 இறுதிப் போட்டி விற்கப்பட்டது என்று முன்னாள் விளையாட்டுத்துறை அமைச்சர் ஒருவர் சொன்னார். பொலிஸ் விசாரணை நடந்தது. அரவிந்த டி சில்வா, உபுல் தரங்க, சங்கக்கார ஆகியோரை அழைத்து மணிக்கணக்கில் விசாரித்தார்கள். அந்த நாலு மாற்றங்களும் ஏன் செய்யப்பட்டன என்ற கேள்வியும் அதில் இருந்தது. ஜூலை 3 ஆம் திகதி, ஆதாரம் எதுவும் இல்லை, மாற்றங்களுக்குத் தந்த விளக்கம் ஏற்கத்தக்கது என்று சொல்லி விசாரணையை முடித்தார்கள். சர்வதேச கிறிக்கெட் சபையின் ஊழல் தடுப்புப் பிரிவும் அப்போட்டியைச் சந்தேகிக்கக் காரணமில்லை என்றது. மெத்திவ்ஸின் காயமே அணியின் சமநிலையைக் குலைத்தது என்று சங்கக்காரவும் சொல்லியிருக்கிறார்.

அந்தச் செய்தி வந்த நாட்களில் நான் தம்பியின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். 2011 இல் எல்லோரையும் ஏசியவன் அவன்தானே? அவன் சொன்னான்: “மென்டிஸை விட்டது பிழை எண்டு சாகும்வரை சொல்லுவன். வித்திட்டாங்க எண்டு மட்டும் சொல்ல மாட்டன். அது வேற கதை.”

அன்று தோற்ற பயிற்றுநர் ட்ரெவர் பேலிஸ்தான் 2019 இல் உலகக் கிண்ணம் வென்ற இங்கிலாந்தின் பயிற்றுநர். அங்கும் கடைசி நேரத்தில் டேவிட் வில்லியை விட்டு ஜொப்ரா ஆர்ச்சரை எடுத்தார்கள். லோர்ட்ஸ் மைதானத்தில் இறுதிப் போட்டி சமநிலை, சுப்பர் ஓவரும் சமநிலை. அந்த ஓவரை வீசியவர் ஆர்ச்சர். அடித்த பவுண்டரிகளை எண்ணித்தான் வெற்றி கொடுத்தார்கள். ஒரு பவுண்டரிக் கணக்கு மாறியிருந்தால் அவர்களையும் யாராவது ஏசியிருப்பார்கள்.

நம் தேசிய அணிக்குத் தெரிவுக்குழு இருக்கிறது, தலைவரும் பயிற்றுநரும் இருக்கிறார்கள், 1973 ஆம் ஆண்டின் விளையாட்டுச் சட்டப்படி அமைச்சரின் அங்கீகாரமும் வேண்டும். அவர்கள் முடிவைப் பற்றிக் கேள்வி கேட்பது நம் உரிமை. எங்கள் வீட்டில் இப்போது என் மகளும் அதில் சேர்ந்துவிட்டாள். ஆனால் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். “பிழையாக எடுத்தார்” என்று யாரும் சொல்லலாம். “கெட்ட எண்ணத்தில் எடுத்தார்” என்று சொல்பவர் ஆதாரத்தோடு வர வேண்டும். தெரிவு செய்பவருக்கும் ஒரு கடமை உண்டு. விடப்பட்டவனுக்கு முதலில் முகத்துக்கு நேரே காரணத்தைச் சொல்ல வேண்டும், காகிதம் பிறகு.

என் கணவர் இப்போதும் கழகத்தில் இருக்கிறார். பட்டியல் ஒட்டும் நாளுக்கு முதல் நாள் இரவு அவர் வீட்டுக்கு வரச் சுணங்கும். பெயர் இல்லாத பிள்ளைகளின் வீடுகளுக்குப் போய்விட்டுத்தான் வருவார். நான் சோற்றை மூடி வைத்துக் காத்திருப்பேன். வேலியில் ஒரு படலை வைத்தோம். அதைத் தள்ளிக்கொண்டு தம்பி வருவான், “மச்சான் வந்திட்டாரா? மென்டிஸ் விஷயம் ஒண்டு கதைக்கணும்” என்று. நான் தேத்தண்ணிக்குச் சீனியைக் கொஞ்சம் கூடவே போடுவேன்.