கரண்டுக்கு எங்க போவே?

மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று பேரவைச் செயலாளர் என்னைப் பிடித்தபோதே, "கவிதை மட்டும் வேண்டாம்டா, ஏற்கெனவே நாற்பத்திரண்டு வந்து கிடக்கு" என்று சொல்லிவிட்டான். ஆகவே நீங்கள் தப்பித்தீர்கள். ஐந்தாவது செமஸ்டர் செமினாரில் நான் அசடு வழிந்த கதையை எழுதுகிறேன். எங்கள் வகுப்புக்குப் பாதிக் கதை தெரியும். மீதியை யாரிடமும் சொல்லவில்லை.

எட்டாம் வகுப்பு படிக்கையில் பொருட்காட்சியில் அப்பா ஒரு டிவி கேம் வாங்கித் தந்தார். ஒரு வருடம் ஓடியது. ஒருநாள் திடீரென்று நின்றது. அப்பா வேலைக்குப் போனதும் ஸ்க்ரூவைக் கழற்றினேன். பெட்டி நிறைய சாமான் இருக்கும் என்று பார்த்தால், உள்ளங்கை அளவு போர்டு ஒன்று, அதன் நடுவில் தாரை உருக்கி ஊற்றியதுபோல ஒரு கறுப்புப் பொட்டு. அவ்வளவுதான். மற்றதெல்லாம் காற்று! மூடிப் பரணில் போட்டேன்.

அந்தப் பொட்டின் கதை பாலிடெக்னிக் வந்த பிறகுதான் தெரிந்தது. 1983இல் ஜப்பானில் நின்டெண்டோ விட்ட ஃபேமிகாம் என்ற பெட்டியின் நகல்தான் நம் ஊர் டிவி கேம். அசலில் பிராசஸர் ஒரு ஐ.சி., படம் வரைய இன்னொரு ஐ.சி., நினைவகத்துக்குத் தனி ஐ.சி.கள். நகல் எடுத்தவர்கள் பிற்பாடு எல்லாவற்றையும் ஒரே சிலிக்கானில் அடக்கி, மேலே எபாக்ஸியை ஊற்றிவிட்டார்கள். ஒரு போர்டு ஒரு சொட்டு ஆகிவிட்டது.

இதை வைத்துத்தான் என் செமினார். ஃபேமிகாம் ஒரு சொட்டானால், 2020இல் வந்த பிளேஸ்டேஷன் 5 ஏன் செல்போனுக்குள் போகாது? 'நாளைய கேம் பெட்டி உங்கள் சட்டைப் பையில்' என்று தலைப்பு. இருபத்திரண்டு ஸ்லைடு. கடைசி ஸ்லைடுக்கு விசில்கூட வந்தது.

சார் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "சுருங்கட்டும்பா, வேண்டாங்கல. கரண்டுக்கு எங்க போவே?"

"பேட்டரி இருக்கு சார்."

"எவ்வளவு நேரம் வரும்?"

பதில் இல்லை. 25க்கு 11. இன்றுவரை ஹாஸ்டலில் என் பெயர் 'சட்டைப்பை'.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. கால்குலேட்டரை எடுத்தேன். நம் கையில் இருக்கும் போனில் 5000 எம்.ஏ.எச். பேட்டரி, 3.85 வோல்ட். பெருக்கினால் சுமார் 19 வாட்-மணி. பிளேஸ்டேஷன் 5 பெரிய கேம் ஓடும்போது 200 வாட் வாக்கில் இழுக்கும். 19ஐ 200ஆல் வகுத்துப் பாருங்கள். ஆறு நிமிடம்கூட வராது! முதல் வருடப் பையன் போடக்கூடிய கணக்கு. இருபத்திரண்டு ஸ்லைடில் ஓர் ஓரத்தில்கூட நான் போடவில்லை.

இந்தக் கணக்கை முதலிலேயே போட்டவர் ஒருவர் இருந்திருக்கிறார். நின்டெண்டோவின் குன்பெய் யோக்கோய். புல்லட் ரயிலில் ஒருவர் பொழுது போகாமல் கால்குலேட்டர் பட்டனைத் தட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்துத்தான் கையடக்க விளையாட்டு யோசனை அவருக்கு வந்தது என்பார்கள். 1980இல் வந்த 'கேம் அண்ட் வாட்ச்' கால்குலேட்டர் சிப்பையும் எல்.சி.டி.யையும் வைத்தே செய்தது. நன்றாகப் பழகி, விலை விழுந்துபோன பழைய தொழில்நுட்பத்தை எடுத்து வேறு காரியத்துக்குப் பயன்படுத்து என்பது அவர் கொள்கை.

1989இல் அவர் குழுவின் கேம் பாய் வந்தது. கலர் கிடையாது, திரைக்குப் பின்னால் விளக்கு கிடையாது, நான்கே நிறச்சாயல். அதே 1989இல் அட்டாரி லிங்க்ஸ், மறு வருடம் சேகாவின் கேம் கியர், இரண்டும் கலர், இரண்டிலும் விளக்கு. ஆனால் ஆறு பென்சில் பேட்டரி போட்டும் நாலைந்து மணி நேரம் தாண்டாது. கேம் பாய் நான்கு பேட்டரியில் பதினைந்து மணி நேரம் வாக்கில் ஓடியது. அதுவும் அதன் கலர் தம்பியும் சேர்ந்து 11 கோடியே 80 லட்சத்துக்கு மேல் விற்றன. மற்ற இரண்டையும் உங்களில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருப்பீர்கள்?

இன்னொன்று சொன்னால் நம்பமாட்டீர்கள். நம் லேப் மூலையில் தூசி படிந்து கிடக்கிறதே 8085 கிட், அதன் ஒன்றுவிட்ட சகோதரன்தான் கேம் பாய் பிராசஸர். இரண்டுக்கும் மூலம் இன்டெல் 8080. ஏ ரிஜிஸ்டரில் எண்ணை ஏற்ற நாம் 3ஈ அடிக்கிறோம், ஜம்ப்புக்கு சி3, ஹால்ட்டுக்கு 76. கேம் பாயிலும் அதே 3ஈ, அதே சி3, அதே 76! "இந்த ஓட்டை கிட்டை வச்சு என்னடா பண்றது" என்று அதிகம் கத்தியவன் நான்தான்.

சரி, போனும் கேம் பெட்டியும் சேரவே இல்லையா? சேர்ந்தன. ஆனால் நான் சொன்ன வழியில் இல்லை. 2003இல் நோக்கியா இரண்டையும் ஒட்டி 'என்-கேஜ்' என்று விட்டது. கேம் மாற்ற வேண்டுமென்றால் பேட்டரியைக் கழற்ற வேண்டும். பேசும்போது போனின் விளிம்பைக் காதில் வைக்க வேண்டும். பார்த்தவர்கள் சிரித்தார்கள், ஓடவில்லை.

உள்ளே நடந்ததுதான் விசேஷம். 1990களின் இறுதியில் நோக்கியா 6110 போனில் இருந்த ஏ.ஆர்.எம்.7 பிராசஸர் வகையே 2001இல் கேம் பாய் அட்வான்ஸில் உட்கார்ந்தது. 2015இல் கூகுளின் பிக்சல் சி டேப்லெட்டில் இருந்த என்விடியா டெக்ரா எக்ஸ்1 சிப்பே 2017இல் நின்டெண்டோ ஸ்விட்ச்சுக்குள் போனது. கேம் பெட்டி சுருங்கிப் போனாகும் என்றேன் நான். போன், டேப்லெட்டுக்கு என்று செய்த சிப்தான் மேலேறிப் போய்ப் பெட்டிக்குள் உட்கார்ந்தது! அந்த ஸ்விட்ச் 15 கோடிக்கு மேல் விற்றது. அதன் பேட்டரி வெறும் 16 வாட்-மணி. முதல் மாடலில் இரண்டரை முதல் ஆறரை மணி நேரம் வந்தது. 2019இல் அதே பேட்டரியோடு, சிப்பை 20 நானோமீட்டரிலிருந்து 16க்குக் குறைத்தார்கள். நாலரை முதல் ஒன்பது மணி நேரம் ஆகிவிட்டது. நான் காட்டியிருக்க வேண்டிய ஸ்லைடு இது ஒன்றுதான்.

எல்லாவற்றையும் இரண்டு பக்கம் எழுதி எடுத்துக்கொண்டு சாரிடம் போனேன். மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு முழுக்கப் படித்தார்.

"கரண்டைச் சொல்லிட்டே. ஸ்விட்ச்சுக்குள்ள ஃபேன் இருக்கு, போன்ல இல்லையே. 2023லயே ஐபோன் 15 ப்ரோவுல 'ரெசிடென்ட் ஈவில் வில்லேஜ்' மாதிரி கன்சோல் கேம் ஓட்டினான். ரொம்ப நேரம் ஓட்டினா கையில சூடு தெரியும், சிப்பே வேகத்தைக் குறைச்சுக்கும். அந்தச் சூட்டை எங்க கொண்டு விடுவே?"

"மார்க் மாறுமா சார்?"

"மாறாது. நீ சூட்டைப் பாரு."

பொங்கல் லீவுக்கு ஊருக்குப் போனபோது பரணிலிருந்து டிவி கேமை இறக்கினேன். கறுப்புப் பொட்டைத்தான் இத்தனை வருடமாகச் சந்தேகப்பட்டிருந்தேன். மல்டிமீட்டரை வைத்தேன். போர்டு நன்றாகத்தான் இருந்தது. அடாப்டர் ஒயர் பின் பக்கம் உள்ளுக்குள் அறுந்திருந்தது, வோல்ட்டே வரவில்லை. அரை அங்குலம் வெட்டி சால்டர் வைத்தேன். இப்போது தங்கை விளையாடிக்கொண்டிருக்கிறாள்.