பள்ளி மணி அடித்த பிறகு நடந்த பாடம்

கோலாலம்பூர் மகாமாரியம்மன் கோயிலுக்குப் போகாத தமிழ்க் குடும்பம் நம் நாட்டில் குறைவு. தரிசனம் முடிந்ததும் சாப்பாட்டுக் கடையைத் தேடுவோம்; இல்லையென்றால் பெட்டாலிங் ஸ்திரீட் பக்கம் திரும்பிவிடுவோம். அடுத்த முறை, கோயில் இருக்கும் ஜாலான் துன் எச்.எஸ்.லீ சாலையிலேயே இன்னும் கொஞ்ச தூரம் நடந்து பாருங்கள். அங்கே ஒரு பழைய கட்டடம் இருக்கிறது. இன்று அதன் பெயர் தாமான் புடாயா. நாடகமும் நடனமும் நடக்கும் கலை வளாகம். நூறு ஆண்டுகளுக்கு முன்பு அது பள்ளிக்கூடம். விக்டோரியா இன்ஸ்டிடியூஷன் என்பது முழுப்பெயர். பழைய ஆட்களுக்கு அது ‘வி.ஐ.’

கோயிலுக்கும் இந்தப் பள்ளிக்கும் சாலை மட்டும் பொதுவல்ல, ஒரு மனிதரும் பொது. 1850இல் சிங்கப்பூரில் பிறந்த கே. தம்புசாமி பிள்ளைதான் அவர். 1873இல் மாரியம்மன் கோயிலை நிறுவியவர். பத்துமலையில் முருகன் வழிபாட்டைத் தொடங்கி வைத்தவர். விக்டோரியா மகாராணியின் 1887ஆம் ஆண்டுப் பொன்விழாவுக்காகத் திரட்டிய நிதியில் கொஞ்சம் மிச்சமிருந்தது. அதோடு ஊர்ப் பெரியவர்களின் நன்கொடையும் சேர்ந்துதான் இந்தப் பள்ளி உருவானது. லோக் இயூ, யாப் குவான் செங் ஆகிய சீனப் பிரமுகர்களோடு தம்புசாமி பிள்ளையும் கை கொடுத்தார். ஏ.சி. நார்மன் வரைந்த கட்டடத்துக்கு 1893இல் அடிக்கல் நாட்டப்பட்டது. பென்னட் ஷா என்ற ஆங்கிலேயர் முதல் தலைமையாசிரியராக வந்து, 1922 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார்.

வகுப்பில் என்ன சொல்லிக் கொடுத்தார்கள் என்பதை ஊகிப்பது எளிது: ஆங்கில இலக்கணம், கணக்கு, பூகோளம். அரசு அலுவலகங்களுக்கும் ரயில்வேக்கும் கம்பெனிகளுக்கும் குமாஸ்தாக்கள் தேவைப்பட்ட காலம் அது. ஆனால் மணி அடித்த பிறகு நடந்தவைதான் இன்று யோசிக்கும்போது சுவாரஸ்யமானவை. 1901இல் இங்கே கேடட் படை தொடங்கியது. சீருடை அணிந்து அணிவகுத்துப் போகும் பையன்களைப் பார்ப்பது ஊருக்கே ஒரு காட்சி. மலாயாவின் ஆங்கிலப் பள்ளிகளில் பரிசளிப்பு விழாவும் விளையாட்டு விழாவும் தேநீர் விருந்தும் ஆண்டு நாட்காட்டியின் பெரிய நாட்களாக இருந்தன. விழாவில் பையன்கள் கவிதை ஒப்பிப்பார்கள், பாடுவார்கள், நாடகக் காட்சி ஒன்றை நடிப்பார்கள். முன்வரிசையில் அதிகாரிகள், அவர்களுக்குப் பின்னால் நல்ல உடை உடுத்தி வந்த பெற்றோர்.

ஷாவுக்குப் பிறகு 1920களில் தலைமையாசிரியராக இருந்த ரிச்சர்ட் சிட்னிக்கு நாடகப் பித்து. மாணவர்களை வைத்து ஷேக்ஸ்பியரை மேடையேற்றியதில் அவருக்குத் தனிப் பெயர். சீன, தமிழ், மலாய், யுரேசியப் பையன்கள் ஒன்றாகப் படித்த பள்ளி இது. வீட்டில் ஆளுக்கொரு மொழி பேசியவர்கள், முந்நூறு ஆண்டுப் பழைய ஆங்கிலத்தை மனப்பாடம் செய்து பேச வேண்டும். ஆண்கள் பள்ளிகளில் பெண் வேடமும் பையன்களுக்குத்தான். இது நமக்குப் புதிதல்ல. அதே காலத்தில் தமிழகத்தில் சங்கரதாஸ் சுவாமிகளின் பாலர் சபையிலும் பையன்கள்தான் ‘ஸ்திரீபார்ட்’ போட்டார்கள்.

இதை வெறும் பொழுதுபோக்கு என்று தள்ளிவிட முடியாது. அன்றைய கோலாலம்பூரில் மாலை நேரம் இனவாரியாகப் பிரிந்து கிடந்தது. 1884இல் தொடங்கிய சிலாங்கூர் கிளப் பெரும்பாலும் வெள்ளைக்காரர்களுக்கு. தமிழர்களுக்கு 1914இல் தொடங்கிய தமிழர் உடற்பயிற்சிக் கழகம். சீனர்களுக்கு அவர்களுடைய சங்கங்கள். அலுவலகத்தில் யாழ்ப்பாணத்துக் குமாஸ்தா துரைக்கு முன்னால் நின்றுகொண்டுதான் பேசுவார். ஆனால் அவருடைய மகன் பள்ளி மேடையில் ராஜாவாக நின்று குரல் உயர்த்திப் பேசுகிறான். துரை கீழே உட்கார்ந்து கேட்கிறார். அரை மணி நேரத்துக்குத்தான். அந்த அரை மணி நேரத்தில் ஒரு பையனின் முதுகு எவ்வளவு நிமிர்ந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. அந்த மேடையில் ஏறியவர்கள் மிகச் சிலர். ஆங்கிலப் பள்ளிக்குச் சம்பளம் கட்ட வேண்டும். நகரத்தில் வீடு வேண்டும். ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்த பிள்ளைக்கு இரண்டும் இல்லை. பள்ளி வயதில் பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்று 1912ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொன்னது. பல இடங்களில் அது ஒரு கொட்டகை. வாத்தியார், எழுதப் படிக்கத் தெரிந்த கங்காணி. அங்கே கலை இல்லாமல் இல்லை. கோயில் திருவிழாவில் காமன் கூத்து விடிய விடிய நடக்கும். ஆட்டத்தில் தோட்டத்துப் பிள்ளைகள் யாருக்கும் சளைத்தவர்கள் அல்ல. அதைப் பார்த்து, ‘இந்தப் பையனை மேலே படிக்க வையுங்கள்’ என்று சொல்லத்தான் முன்வரிசையில் ஆள் இல்லை. பெண் பிள்ளைகளுக்கோ வி.ஐ.யின் கதவே மூடியிருந்தது. போருக்குப் பிறகுதான் ஆறாம் படிவத்தில் மாணவிகள் சேர்ந்தார்கள்.

ஆற்றுக்கு அருகில் இருந்த பழைய கட்டடத்துக்கு வெள்ளம் பெரிய தொல்லை. மாணவர் கூட்டமும் பெருகிவிட்டது. 1929இல் பள்ளி பெட்டாலிங் குன்றுக்கு மாறியது. மணிக்கூண்டோடு நிற்கும் அந்த வெள்ளைக் கட்டடத்தை மெர்டேக்கா எம்.ஆர்.டி. நிலையத்தில் இறங்கினால் பார்க்கலாம். பக்கத்தில் மெர்டேக்கா அரங்கம், தலைக்கு மேல் மெர்டேக்கா 118 கோபுரம். பள்ளி நடக்கும் நேரத்தில் உள்ளே நுழைய முடியாது. வெளியிலிருந்து பார்த்தாலே போதும். மாணவர் இல்லங்களில் ஒன்று இன்றும் தம்புசாமி பிள்ளையின் பெயரைத் தாங்கியிருக்கிறது என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள். பழைய கட்டடமோ தீ விபத்தில் சேதமடைந்து, சீரமைக்கப்பட்டு, மறுபடியும் மேடையாகவே வாழ்கிறது.

கோயிலில் தொடங்கிக் குன்றில் முடிக்க அரை நாள் போதும். காலையிலேயே கிளம்பிவிடுங்கள், வெயில் ஏறினால் பிள்ளைகள் சோர்ந்துவிடுவார்கள்.

இன்று நம் தமிழ்ப்பள்ளிகளில் ஆண்டுதோறும் கலை நிகழ்ச்சி நடக்கிறது. ஒப்பனை கலையக் கலைய ஆடும் பிள்ளை, வசனத்தை மறந்து அம்மாவைத் தேடும் பிள்ளை, கைத்தொலைபேசியை உயர்த்திப் பிடித்த அப்பாக்கள். ‘ஒத்திகை என்று சொல்லிப் படிப்பைக் கெடுக்கிறார்களே’ என்று நாமும் சில சமயம் முணுமுணுக்கிறோம். நூறு ஆண்டுகளுக்கு முன்பு லயத்துப் பிள்ளைக்குக் கிடைக்காமல் போனது பாடப் புத்தகம் மட்டுமல்ல. நாலு பேர் முன்னால் நின்று பேசும் அந்த ஐந்து நிமிடமும்தான். அது இப்போது நம் பிள்ளைகளுக்குக் கிடைக்கிறது. அடுத்த கலை நிகழ்ச்சிக்குச் சீக்கிரமே போய் முன்வரிசையில் உட்காருங்கள்.