ப்ராசஸரே தப்பு செய்தால்?

வெள்ளகோவிலில் ஒரு விசைத்தறிக் கூடத்தின் கம்ப்யூட்டர், சரியாக சனிக்கிழமை கூலிக் கணக்கு போடும்போது நின்று போகிறது என்று வைத்துக்கொள்வோம். முதலில் திட்டு வாங்குவது கரண்ட். அடுத்தது தூசி (பஞ்சு பறக்கும் ஊரில் அதுவும் நியாயம்தான்). பிறகு ரேம், எஸ்.எம்.பி.எஸ்., வைரஸ்... கடைசியில் விண்டோஸையே அழித்துப் புதிதாகப் போடுவார்கள். ப்ராசஸர் மேல் மட்டும் யாருக்கும் சந்தேகம் வராது. பெரும்பாலும் அது சரிதான். ஆனால் எப்போதும் அல்ல!

1994-ல் அமெரிக்கக் கணிதப் பேராசிரியர் தாமஸ் நைஸ்லிக்கு, பகா எண்கள் பற்றிய கணக்கில் விடை இடித்தது. மற்ற காரணங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டுத்தான் பென்டியம் ப்ராசஸரின் வகுத்தல் பகுதியில் வந்து நின்றார். 4195835-ஐ 3145727-ஆல் வகுத்தால் 1.33382 வர வேண்டும். அந்த பென்டியம் 1.33374 என்றது! உள்ளே இருந்த அட்டவணையில் 5 இடங்கள் காலியாக விடப்பட்டதுதான் காரணம். இன்டெல்லுக்கு 47.5 கோடி டாலர் செலவு. இந்த பென்டியத்தின் தந்தை என்று பெயர் பெற்றவர் புனேயில் பிறந்த வினோத் தாம் என்பது நம்மூர்க்காரர்களுக்கு உபரித் தகவல்.

அது தப்பான விடைதான் சொன்னது. மெஷினையே நிறுத்தக்கூடியது 2007-ல் வந்த ஏ.எம்.டி. ஃபெனாம். அதன் பி2 ரிவிஷனில் டி.எல்.பி. எனும் பகுதியில் பிழை. வேலை அதிகமானால் எப்போதாவது அப்படியே உறைந்துவிடும். பயாஸில் ஒட்டுப் போட்டார்கள், வேகம் குறைந்தது. 2008 மார்ச்சில் பி3 வந்தபிறகே தீர்ந்தது. 9550, 9850 என்று 50-ல் முடியும் எண் இருந்தால் அது திருத்தியது.

இதை எப்படிக் கண்டுபிடிப்பது? மெம்டெஸ்ட் ஓடவிட்டு ரேமை முதலில் விடுவிக்க வேண்டும். பிறகு சி.பி.யு-இசட் போட்டால் ஸ்டெப்பிங், ரிவிஷன் எல்லாம் தெரியும். ஜக்கார்டு அட்டையில் ஒரு துளை தப்பாக விழுந்தால் எந்த நூலைப் போட்டாலும் அதே இடத்தில் பூ கெடும் அல்லவா? வடிவமைப்புப் பிழையும் அப்படித்தான். அதே ரிவிஷன் உள்ள எல்லா மெஷினிலும் இருக்கும்.

ஆனால் இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் ப்ராசஸர்கள் வேறு விதம். வாங்கிய அன்று நன்றாக ஓடும். தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்டுக் கேட்டு, நாளாக ஆகத் தேய்ந்துபோகும். கேம் திறந்தால் "வீடியோ மெமரி போதவில்லை" என்று செய்தி வரும். பாவம், பழி கிராபிக்ஸ் கார்டுக்கு! காரணம் வெளிவந்து, 2024 ஆகஸ்டில் புது மைக்ரோகோடு கொடுத்தார்கள். அது இனி தேயாமல் காக்கும், ஏற்கெனவே தேய்ந்ததைச் சரிசெய்யாது. அதற்கு ப்ராசஸரையே மாற்ற வேண்டும். வாரண்டியை மேலும் 2 ஆண்டுகள் நீட்டித்தார்கள். வாங்கின பில் எந்த டிராயரில் கிடக்கிறதோ, தேட வேண்டும்.